பாக்கெட்டுக்கு நாலு ரூபாய்

"உங்க அப்பா கடையில விக்கிற சேமியாவை நீங்களே ஆராய்ச்சி பண்றது உங்களுக்கே கூச்சமா இல்லையா, சரண்யா?"

பேராசிரியர் சுப்பராமன் மேசையில் விரலால் தட்டியபடி கேட்டார். அடையாற்றில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில், ஆராய்ச்சியாளர்களுக்குத் தாங்கள் ஆராயும் பொருளால் சொந்த ஆதாயம் ஏதும் உண்டா என்று கண்காணிக்கும் குழுவுக்கு அவர் தலைவர். ஒன்பது ஆண்டுகளாகத் தலைவர். தம்மளவு அப்பழுக்கற்ற இன்னொருவர் கிடைக்காததால்தான் பதவியை விட முடியவில்லை என்று அவரே வருத்தத்துடன் சொல்வதுண்டு.

"கூச்சமா இருந்ததாலதான் சார், படிவத்துல நானே எழுதிக் கொடுத்தேன்," என்றாள் சரண்யா.

"சிந்தாதிரிப்பேட்டையில இசக்கிமுத்து மளிகை. பாக்கெட்டுக்கு என்ன லாபம்?"

"நாலு ரூபாய் சார்."

"நாலு ரூபாய்!" அந்தத் தொகையின் பாரம் தாங்காமல் சுப்பராமன் நாற்காலியில் சாய்ந்தார். "மாசம் எத்தனை பாக்கெட் போகும்?"

"முப்பது போனா பெரிசு."

"பாஷா, எழுதிக்கோங்கோ. மாதம் நூற்றிருபது ரூபாய்."

குழுவின் செயலர் அக்பர் பாஷா எழுதினார். பிறகு தயங்கினார்.

"ஒரு சந்தேகம் சார். இந்தத் தினை சேமியா சாப்பிட்டா சர்க்கரை ஏறாதுன்னு கம்பெனி பாக்கெட்டுல போட்டிருக்கு. இவங்க இருநூறு பேரைச் சோதிச்சுப் பார்த்து, சாதா சேமியா மாதிரியே ஏறுதுன்னு எழுதியிருக்காங்க. அப்பா வியாபாரம் நடக்கணும்னா, ஏறாதுன்னு இல்ல எழுதியிருக்கணும்?"

"அது முடிவைப் பத்தின விஷயம் பாஷா. நாம முறையை மட்டும்தான் பார்க்கணும். முடிவையும் பார்க்க ஆரம்பிச்சா நமக்கே ஒரு சாய்வு வந்துடாதோ?"

பாஷா அந்த நுட்பத்தையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

"மொத்தம் அறுபத்திரண்டு படிவம் வந்தது," என்று சுப்பராமன் தொடர்ந்தார். "அறுபத்தோரு பேர் 'ஆதாயம் இல்லை'ன்னு எழுதியிருக்கா. என்ன ஒரு கட்டுப்பாடு! நீங்க ஒருத்தர்தான் 'உண்டு'ன்னு எழுதி, விசாரணை வரைக்கும் இழுத்துண்டு வந்துட்டேள்."

"அப்ப நானும் 'இல்லை'ன்னே எழுதியிருக்கணுமா சார்?"

"பொய் எழுதறதா?" அவர் உண்மையிலேயே பதறினார். "அது மகா தப்பும்மா."

சரண்யாவின் குரல் இறங்கியது. "நாலு வருஷ வேலை சார். அடுத்த வாரம் கட்டுரை அச்சுக்குப் போகணும். என் பேரை வேணும்னா எடுத்துடுங்க. முடிவை மட்டும் அப்படியே போட்டுடுங்க. சர்க்கரைக்காரங்க அதை மருந்து மாதிரி நெனச்சுச் சாப்பிட்டுட்டு இருக்காங்க."

"ஆளே கறைபட்டாச்சுன்னா முடிவு மட்டும் எப்படி சுத்தமா இருக்கும்? முதல்லேர்ந்து வேற ஒருத்தர் பண்ணட்டும்."

"யார் சார்?" என்றார் பாஷா.

"யார் முன்வருவா? சுமை என் தலையிலதான் விழும். இந்த ஆய்வுக்கு நம்மளோட ஒப்பந்தம் போட்ட சேமியா கம்பெனிக்கு ஒரு கடுதாசி போட்டுடுங்கோ. ஆய்வாளரை மாத்தியாச்சு, எந்த ஆதாயமும் இல்லாத பேராசிரியர் சுப்பராமன் பொறுப்பேத்துக்கறார்னு."

சரண்யா தன் குறிப்பேடுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் அடுக்கினாள். ஒப்படைத்ததற்கான தாளில் கையெழுத்திட்டாள்.

விலாசம் எழுதுவதற்காகக் கம்பெனியின் ஒப்பந்தத்தை முதன்முறையாகப் புரட்டிய பாஷா, பாதியில் பேனாவை நிறுத்தினார்.

"சார்... அபிராமபுரம்னு போட்டிருக்கு."

"ஆமாம்."

"இது உங்க வீட்டு விலாசம் ஆச்சே? தீபாவளிக்கு அங்கதானே வந்தேன்! முதலாளின்னு கையெழுத்துப் போட்டிருக்கிறது உங்க பையன் அச்யுத் சார்."

"அவனேதான். ரொம்பக் கெட்டிக்காரன்."

சரண்யா நிமிர்ந்தாள். "அந்த அறுபத்தோரு 'இல்லை'யில உங்களுதும் ஒண்ணா சார்?"

சுப்பராமன் சற்றும் அசையவில்லை. படிவம் ஒன்றை எடுத்து, மந்தமான மாணவிக்குப் பாடம் விளக்குபவரைப் போல, ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்.

"நிதானமா படிங்கோ. 'தங்களுக்கோ, தங்களைச் சார்ந்து வாழும் குடும்பத்தாருக்கோ ஆதாயம் உண்டா'ன்னுதான் கேட்டிருக்கு. கடை வாடகையே நீங்கதான் கட்டறதா எழுதியிருக்கேள். அதனால உங்க அப்பா உங்களைச் சார்ந்து வாழறவர், நீங்க மாட்டிண்டேள். அச்யுத் எங்கேம்மா என்னைச் சார்ந்து வாழறான்? நான்தானே அவன் ஆத்துல, அவன் போடற சாதத்தைச் சாப்பிட்டுண்டு இருக்கேன்!"