பெட்டி அறியாத கால்

சரக்... டொம். சரக்... டொம்.

பின்பக்கத் தோட்டத்தில் யாரோ!

மற்ற நாளில் அயர்ந்து தூங்கியிருப்பேன். குழந்தைக்குப் பல் முளைக்கிற சிணுங்கல், விழித்திருந்தேன். குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டேன். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லையே. என் கணவரின் உத்தரவு!

"எந்நேரமும் வருவேன், தாழ் போடாதே" என்று ஒரு வாரமாகச் சொல்கிறார். வந்தபாடில்லை. அடுத்த தெருவில் இருக்கும் கம்பெனி ஷெட்டிலேயே படுக்கை.

இத்தனைக்கும் அவர் நடத்துவது ராணுவத்துக்குக் காவல் கருவி செய்கிற கம்பெனி! எங்கள் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரோடு ஆரம்பித்து, இப்போது நாற்பது பேர். அவர்கள் செய்யும் பெட்டியை மண்ணில் புதைத்தால், மேலே நடப்பது மனுஷனா மாடா என்று சொல்லிவிடும். நாளைக்குக் கடைசிச் சோதனை. தோற்றால் பாதிப் பேருக்கு வேலை போய்விடும்.

போன முறை சோதிக்க வந்த அதிகாரி மிடுக்காக நடந்து காட்டினார்.

"மாடு" என்றது பெட்டி.

கம்பெனி ஆட்களையே நடக்கவிட்டு அதைப் பழக்கியிருந்தார்கள். புதுக்கால் எல்லாமே அதற்கு மாடுதான்!

உடனே என் கணவர் எங்கள் தோட்டத்தில் ஒரு பெட்டியைப் புதைத்துவிட்டு, எங்களோடு இருக்கும் மாமனாரிடம் கெஞ்சினார். "அப்பா, இதுமேல தினம் கொஞ்சம் நடங்களேன்."

"நான் மாடா மனுஷனான்னு உன் டப்பா சொல்லணுமா? முட்டி வலி எனக்கு. போடா!"

பெற்ற பிள்ளைக்கு இதுகூடச் செய்ய மாட்டாரா என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

சரக்... டொம்.

ஜன்னல் வழியே டார்ச்சை அடித்தேன்.

தோளில் அரிசி மூட்டை, காலில் மகனுடைய ஷூ. மாமனார்!

மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டுத் தவழ ஆரம்பித்தார்.

"மாமா!"

"ஷ்ஷ்! கத்தாதே. நான் இப்போ எதிரி."

"முட்டி வலின்னீங்களே?"

"எதிரிக்கு முட்டி வலிக்காதா? அவன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. தலைகால் புரியாம ஆடுவான்."

உள்ளே போன் அடித்தது. என் கணவர்தான்.

"பயந்துட்டியா?"

"இல்லையே... எதுக்கு?"

சிரித்தார். "ஒரு வாரமா எல்லாம் இங்க திரையில தெரியுதும்மா. மூட்டை தூக்கற மனுஷன், ஷூ போட்ட மனுஷன், தவழற மனுஷன். நம்ம பின்கதவுல கிளம்பி, பின்கதவுக்கே திரும்பற திருடன் வேற யாரு? இன்னிக்குப் பாதியில நின்னதும், நீ எழுந்துட்டேன்னு புரிஞ்சுது. பெட்டி இப்போ யாரையும் மாடுங்கறதில்ல. நாளைக்கு ஜெயிச்சாச்சுன்னு வெச்சுக்கோ!"

"அப்போ, தாழ் போடாதேன்னது?"

"அந்தத் தாழ் கிறீச்சுன்னு ஊரையே எழுப்பும். நீ எழுந்துட்டா அப்பா வெட்கப்பட்டு விட்டுடுவார்."

"மாமாவும் வெளியில, நானும் குழந்தையும் இங்க தனியா..."

"தனியாவா? அதுக்குத்தானே இங்கேயே உட்கார்ந்திருக்கேன்! வேற ஒரு கால் மிதிச்சிருந்தா பறந்து வந்திருப்பேன். தெரியாத மாதிரியே இரு. அவர் உள்ள வந்ததும் தாழைப் போட்டுக்கோ."

மாமனார் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "போன்ல யாரும்மா?"

"ராங் நம்பர், மாமா."

சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை அழுத்திப் போட்டேன். ஊரே எழுந்தாலும் பரவாயில்லை என்று அது கிறீச்சிட்டது.