படத்தின் ஓரத்தில் இரண்டு கைகள்

காலை வெயில் ஜிம்முக்குள் சாய்ந்து விழுந்து, அடுக்கிவைத்த இரும்புத் தட்டுகளின் விளிம்பில் மினுங்குகிறது. பயிற்சிக்கு இன்னும் யாரும் வரவில்லை. மாஸ்டர் பனியனைக் கழற்றிவிட்டுச் சுவரளவு கண்ணாடிமுன் நின்று தோளை முறுக்கிப் பார்க்கிறார். அவர் மனைவி, கண்ணாடியைத் துடைப்பதற்காக, மூலையில் பல வருஷமாக ஒட்டியிருந்த புகைப்படத்தை நகத்தால் மெல்ல உரித்தெடுக்கிறாள். படத்தில் இளவயது மாஸ்டர்; எண்ணெய் பூசிய உடம்பு, கையில் கோப்பை. "என்ன உடம்பு தெரியுமா அது," என்று அவர் பெருமூச்சு விடுகிறார். "இப்ப இதெல்லாம் ஒரு தோளா. விடாமப் பண்ணினா அடுத்த வருஷத்துக்குள்ள பழையபடி கொண்டுவந்துடலாம்." அவள் படத்தை வெளிச்சத்தில் நீட்டுகிறாள். "கப்பு கையில இருக்கு, கண்ணு எங்க இருக்குன்னு பாருங்க." படத்தில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை, குனிந்து தன் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஜெயிச்சுட்டு, கால் தேறலைன்னு வீடு வர்ற வரைக்கும் புலம்பல்," என்கிறாள். அவர் படத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோகிறார். ஓரத்தில் இரண்டு கைகள் மட்டும், கைதட்டும் வேகத்தில் கலங்கலாக விழுந்திருக்கின்றன. "இது யாரு கை?" "என்னோடதுதான்," என்று சொல்லிவிட்டு அவள் துணியை நனைத்துப் பிழிகிறாள். கண்ணாடியில் படம் இருந்த இடம் மட்டும் தூசி படியாத சதுரமாகப் பளிச்சென்றிருக்கிறது. அந்தச் சதுரத்துக்குள் அவருடைய தோள் தெளிவாகத் தெரிகிறது. அவர் அதைப் பார்க்கவில்லை. துணியோடு ஏறி இறங்கும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.