பன்னிரண்டு குழம்புக்கரண்டி

கோபால்சாமி வீட்டுக் காதுகுத்து முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்தபோது சமையல் கொட்டகையில் இருந்தவர்கள் ஆறு பேர். பேத்திக்குக் காது குத்திய கோபால்சாமி. வாணியம்பாடியிலிருந்து மலையேறி வந்து பிரியாணி போட்ட சைபுல்லா பாய். அடுப்பு பார்த்த சேட்டு. பரிமாறிய மாணிக்கம்மாள், அவள் மருமகள் கல்பனா. ஊர்ப் பொதுப் பாத்திரங்களுக்குப் பொறுப்பான பெரியம்மாள்.

கழுவிக் கவிழ்த்ததை எல்லாம் பெரியம்மாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பிரியாணி போட்ட தேக்சா ரெண்டு. சோறு அள்ற தட்டு நாலு. அப்பளம் எடுக்கிற ஜல்லிக்கரண்டி ரெண்டு. களி கிண்டற துடுப்பு ஒண்ணு. கொழம்புக்கரண்டி..."

கூடையைக் கவிழ்த்து மறுபடியும் எண்ணினாள்.

"பதினொண்ணு."

கல்பனா துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

பன்னிரண்டாவது எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவசரத்தில் குழம்புக்கரண்டியைப் பாயசத்தில் போட்டுவிட்டு இலை எடுக்கத் திரும்பினாள். அதற்குள் ஒரு குரங்கு, பாயசம் சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு பலா மரத்தில் ஏறிவிட்டது.

சொன்னால் யார் நம்புவார்கள்? போன மாதம் ஒருத்தி, காணாமல் போன டம்ளருக்குக் குரங்கைக் கைகாட்டினாள். ஊர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

"பாத்திரம் கொறஞ்சா சட்டம் இன்னா?" என்றாள் பெரியம்மாள்.

"தொலைச்ச வூட்டுக்கு ஒரு வருசம் பாத்திரம் கெடையாதுக்கா," என்றார் சேட்டு.

கல்பனாவின் நாத்தனாருக்கு அடுத்த வாரம் வளைகாப்பு. முந்நூறு பேரை அழைத்தாயிற்று. வீட்டில் இருக்கும் குக்கரோ நாலு பேருக்குச் சோறு வைப்பது.

"கரண்டியில ஊர்ப் பேரு வெட்டி வெச்சிருக்கலாம்," என்றார் கோபால்சாமி.

"காம்புல எடம் பத்தாதுன்ட்டான் கடக்காரன்," என்றாள் பெரியம்மாள். "ஒடுகத்தூர்ல வாங்கினது. மலையில எந்த வூட்டுக்குப் போனாலும் இதே கரண்டிதான் தொங்குது. பாய், உங்க மூட்டையில கலந்து போச்சா பாருங்க."

"என்கிட்ட கொழம்புக்கரண்டி ஒண்ணுதாம்மா. ருசி பாக்கிறது. பன்னெண்டு வருசமா இருக்கு. எம் பொண்டாட்டி கேட்டாக்கூட தர மாட்டேன்."

மாணிக்கம்மாள் மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். "எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குது பாரு. தோசக்கரண்டிய குடுத்து தல வாருன்னா வாரிக்கும்."

கல்பனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நோட்டை வூட்லயே வெச்சுட்டேன். எடுத்தாறேன்," என்று பெரியம்மாள் எழுந்தாள். "வந்து எண்ணும்போது பன்னெண்டு இருக்கணும். எப்படின்னு எனக்குத் தெரியாது."

அவள் தலை மறைந்ததும் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. கோபால்சாமி வீட்டுக்குள் போனார். மாட்டைக் கட்டவில்லை என்று சேட்டு ஓடினார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்ததாக மாணிக்கம்மாள் சொன்னாள். பால் வாங்கவே இல்லையே என்று கேட்க கல்பனாவுக்கு நேரமில்லை. அவள் பின் வழியாகப் பறந்தாள்.

முந்தானைக்குள் கரண்டியோடு அவள் திரும்பியபோது, சேட்டு கால் மடங்காமல் குச்சி மாதிரி நடந்து வந்தார். கோபால்சாமி கூடையின் மேல் குனிந்திருந்தார்.

"இன்னா மாமா பண்றீங்க?"

"ஈ ஓட்றேன்மா."

கழுவின கரண்டியில் ஏது ஈ? எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அவளும் குனிந்து ஈ ஓட்டினாள்.

பெரியம்மாள் நோட்டோடு வந்தாள். முதுகைக் காட்டிக் கூடையின் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கலகலவென்று சத்தம். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"பத்து. பதினொண்ணு. பன்னெண்டு."

கல்பனாவுக்கு மூச்சு வந்தது.

"பதிமூணு."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"பதினாலு." சைபுல்லா பாய்க்கு இருமல் வந்தது. "பதினஞ்சு. பதினாறு. பதினேழு."

"நல்லாக் கழுவினா பெருகும் போல," என்றார் சேட்டு.

கல்பனாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "பெரியத்தை, ஒண்ணு நான் வெச்சது. ஊர்க் கரண்டிய குரங்கு தூக்கிட்டுப் போய்டுச்சு. சத்தியமா."

"நீயும் வெச்சியா?" என்று மாணிக்கம்மாள் பதறினாள். "உன் மூஞ்சியப் பாத்துட்டு நான் ஒண்ணு வெச்சேனே. வூட்ல இருந்ததே ரெண்டு. ராத்திரிக்குக் கொழம்ப எதுல மொள்றது?"

"நான் ஒண்ணு," என்றார் சேட்டு, காலை நீவிக்கொண்டே.

"எங்க வூட்டு விசேசம். நான் வெக்காம இருப்பனா?" என்றார் கோபால்சாமி.

சைபுல்லா பாய் முன்னால் வந்தார். மூட்டையைப் பிரித்துக் காட்டினார். "ருசி பாக்க இனிமே வெரல்தான்."

சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. மாணிக்கம்மாள் கல்பனாவின் தோளில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒருவேளை குரங்கும் ஒண்ணு கொண்டாந்து வெச்சிருக்குமோ?" என்றார் கோபால்சாமி.

சேட்டு மேலே கைகாட்டினார். பலா மரத்து உச்சியில் குரங்கு ஊர்க் கரண்டியை இன்னும் நக்கிக்கொண்டிருந்தது.

கல்பனா விரல் விட்டு எண்ணினாள். இருந்தது பதினொன்று. வைத்தவர்கள் ஐந்து பேர்.

"பதினாறுதானே பெரியத்தை வரணும்? இன்னும் ஒண்ணு யாரு..."

பெரியம்மாள் தலை நிமிரவில்லை. "உன்கிட்ட யாருடி கணக்கு கேட்டது?" என்றபடி நோட்டில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

'குழம்புக்கரண்டி. போனது 12. குறைவு இல்லை. மீதி 5.'