இரைச்சல்

புகார்க் கடிதத்தைப் படித்ததுமே அதை எழுதியவரை ஆம்ப்ரோஸுக்குப் பிடிக்காமல் போயிற்று.

'என் மளிகைக் கடை ரேடியோவில் ஒரு மாதமாக ஒரே இரைச்சல். பாட்டுக் கேட்க முடியவில்லை. நாலு கடை தள்ளியுள்ள பிரிஜட் தையல் கடையிலிருந்து வருகிறது. உடனே நடவடிக்கை எடுக்கவும். பாலகிருஷ்ணன், தேக்கா, சிங்கப்பூர்.'

ஆம்ப்ரோஸ் தொலைத்தொடர்பு இலாகாவில் இன்ஸ்பெக்டர். காற்றலையில் யார் அத்துமீறினாலும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதுதான் வேலை.

பிரிஜட் தையல் மெஷினில் இருந்தார். பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோ. அதில் பாட்டு இல்லை. யாரோ மூச்சுவிடும் சத்தம்.

"மாடியில என் வீட்டுக்காரர் சார். பக்கவாதம். அவர் கூப்பிட்டா எனக்குக் கேக்கணும்ல? போன மாசம் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில ஒருத்தர் டிரான்ஸ்மிட்டர் செஞ்சு குடுத்தார். வீட்டுக்காரர் கட்டில்கிட்ட அது எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்கும்."

மாடியில் லாசரஸ் படுத்திருந்தார். படுக்கையிலும் இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப் பித்தான் வரை மாட்டியிருந்தது.

மீட்டரில் முள் எகிறியது.

"சட்டம் அனுமதிக்கிறதைவிட நாலு மடங்கு பவர்ம்மா. அடுத்தவங்க ரேடியோல புகுந்துடுது."

பிரிஜட்டின் முகம் வெளுத்தது. ஆம்ப்ரோஸைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாங்க பேசறது வெளியில கேக்குமா சார்?"

"இரைச்சல்னுதான் எழுதியிருக்காங்க."

"மாதாவே" என்று மூச்சுவிட்டார் பிரிஜட். அப்புறம்தான் கோபம் வந்தது. "மளிகைக் கடை பாலா அண்ணன்தானே? ஒரு மாசமா என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறார். சார், பெட்டியைப் பறிச்சுட்டுப் போயிடாதீங்க. இது இல்லேன்னா நான் கடையை மூடிட்டு மேலேயே உக்காரணும்."

பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமிருந்தது. ஆம்ப்ரோஸுக்கு மனசு வரவில்லை. பெட்டியிலிருந்து தொங்கிய நீள ஒயரைக் கத்தரித்தார். ஸ்குரூவைத் திருகிப் பவரைக் குறைத்தார். கீழே தையல் கடையில் மூச்சுச் சத்தம் தெளிவாக வந்தது. அடுத்த கடை வாசலிலேயே முள் படுத்துவிட்டது.

மளிகைக் கடைக்குள் நுழையும்போது ஆம்ப்ரோஸின் குரலில் எரிச்சல் இருந்தது.

"குறைச்சாச்சு. இனிமே நிம்மதியாப் பாட்டுக் கேளுங்க."

"என் கடையில மட்டும் கேக்காதா, வேற யாருக்குமே கேக்காதா?"

"யாருக்கும் கேக்காது. கையெழுத்துப் போடுங்க."

பாலகிருஷ்ணன் ரேடியோவை மூடியிருந்த துண்டை எடுத்தார். துண்டின் மேல் ஒரு மாதத் தூசி.

படிவத்தில் 'இடையூறின் தன்மை' என்ற கட்டத்துக்கு வந்ததும் ஆம்ப்ரோஸின் பேனா நின்றது. பிரிஜட் கடையில் மூச்சுகூடத் தெளிவாகக் கேட்டதே. இங்கே மட்டும் எப்படி இரைச்சல்?

"நிஜமா உங்க ரேடியோல என்ன கேட்டுச்சு?"

பாலகிருஷ்ணன் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை.

"லாசரஸ் சார் பேப்பர் வாங்க வர்றதுக்குக்கூட இஸ்திரிச் சட்டை போட்டுக்கிட்டு வருவார். அந்தம்மா படுக்கைத் துணி மாத்தறப்போ அவர் வெக்கப்பட்டு அழறது இதுல வந்துச்சு. கடையில நாலு பேர் நிக்கிறாங்க. டக்குனு ஆஃப் பண்ணேன். அப்புறம் போடவே இல்ல."

"நேராப் போய்ச் சொல்லியிருக்கலாமே?"

"நான் கேட்டுட்டேன்னு தெரிஞ்சா, அந்த மனுஷன் அப்புறம் யார் முகத்தைப் பார்ப்பார்? பாட்டுக்காகப் புகார் குடுத்த அல்பன்னு என்னையே திட்டிட்டுப் போகட்டும் லா. நீங்களும் இரைச்சல்னே எழுதிக்குங்க சார்."