கையைப் பிடித்து வந்தவள்

லஸ் முனையில் டிராம் நின்றதும் கோமளம் கூட்டத்துக்குள் புகுந்து, இறங்கிய புருஷனின் கையைப் பற்றிக்கொண்டாள்.

வெற்றிலைக் கடைப் பக்கமிருந்து ஒருவன் சீட்டியடித்தான்.

“இன்னா நைனா, நேத்துதான் கண்ணாலம் ஆச்சா?”

கடை முழுக்கச் சிரித்தது. இருவரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். கார்த்திகை பிறந்ததிலிருந்து தினமும் இந்த உபசாரம்தான்.

ஸ்ரீரங்கனுக்கு மாலைக்கண்.

சூரியன் இருக்கும்வரை அவன் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. ஆபீஸ் கணக்கில் பிறர் தப்பவிட்ட பிழையெல்லாம் அவன் கண்ணில்தான் அகப்படும். விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால் தெருவும் இல்லை, மனுஷாளும் இல்லை; எல்லாம் கரியால் மெழுகிய மாதிரி. சித்திரை வைகாசியில் வெளிச்சத்தோடு வீடு வந்து சேர்ந்துவிடுவான். கார்த்திகையில் டிராமிலேயே இருட்டிவிடுகிறது.

ஆபீசில் தெரிந்தால் வேலை போய்விடும். போன வருஷம் நாகராஜ் என்ற குமாஸ்தாவுக்கு இதே கோளாறு என்று கசிந்தது. “அரைக் குருடன் எழுதின கணக்கை எவன் நம்புவான்?” என்று துரையிடம் போய் முறையிட்டவர்கள், அவனோடு ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடித்தவர்கள்தான். பட்டப்பகலில், கண் நன்றாகத் தெரிகிற வேளையில், அவனை வெளியே அனுப்பினார்கள்.

அதனால்தான் கோமளம் வெட்கங்கெட்டவள் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள். பெற்ற தாயிடம்கூட ஸ்ரீரங்கன் சொல்லவில்லை. வயசான காலத்தில் அவள் மனசு உடைந்துவிடும் என்று இருவருமாக மறைத்திருந்தார்கள்.

சித்திரக்குளத்தைத் தாண்டித் தங்கள் தெருவுக்குள் திரும்பியதும் வரதாச்சாரி வழிமறித்தார். அவர்கள் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்.

“ஏண்டா ஸ்ரீரங்கா, இது சம்சாரிகள் இருக்கிற தெருவோன்னோ? தினம் ஆம்படையா கையைப் பிடிச்சுண்டு ஊர்வலம் வரயே! எங்காத்துப் பொண்கள் வாசல்ல நின்னு பார்க்கறதுகள். இன்னியோட நிறுத்திக்கோ. இல்லேன்னா வேற வீடு பாரு.”

ஸ்ரீரங்கன் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் வரதாச்சாரியின் மாப்பிள்ளைக்கும் அதே ஆபீஸ். இங்கே சொன்னால் நாளைக் காலை அங்கே தெரிந்துவிடும்.

கோமளம் முந்திக்கொண்டாள்.

“தப்பு என்னோடதுதான் மாமா. அவர் வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்றார். எனக்குத்தான் புத்தி இல்லே.”

சொல்லிவிட்டுக் கையை விட்டாள்.

வீடு தெருக்கோடியில் இருந்தது. வரதாச்சாரி நகரவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

அவள் முன்னால் நடந்தாள். நடக்கும்போதே கண்ணாடி வளையல்களைக் குலுக்கினாள். பின்னால் ஸ்ரீரங்கன் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்தான்.

“கையை விடச் சொன்னா வளையலைக் குலுக்கறா பாரு! என்ன ஒய்யாரம்!” என்று ஒரு வாசலிலிருந்து பெண்குரல் வந்தது.

கோமளத்துக்குக் காது சுட்டது. குலுக்குவதை நிறுத்தவில்லை.

அப்போது பெருமாள் கோயிலில் மேளம் ஆரம்பித்தது. தவிலும் நாயனமும் சேர்ந்து தெருவையே நிரப்பிவிட்டன. வளையல் சத்தம் அவள் காதுக்கே எட்டவில்லை.

திரும்பிப் பார்த்தாள். ஸ்ரீரங்கன் நடுத்தெருவில் நின்றுவிட்டிருந்தான். தலையை ஒருபக்கம் சாய்த்து, யாரையோ எதிர்பார்ப்பவன் போல முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்ததோ எதிர்வீட்டுச் சுவரை.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தால் வீடு போகும். ஏன் பிடித்தேன் என்று சொன்னால் வேலை போகும்.

“வாடி உள்ளே, வெட்கங்கெட்டவளே!”

மேளத்தையும் கிழித்துக்கொண்டு வந்தது மாமியாரின் குரல். வாசலில் நின்றிருந்தாள் கிழவி. இத்தனை நாளில் மருமகளை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவள்.

வாசலுக்கு வாசல் தலைகள் முளைத்தன. வரதாச்சாரி திருப்தியோடு தலையாட்டினார்.

கோமளம் கண்ணீரை அடக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ப் படியேறினாள். இந்த வீட்டில் தனக்கென்று இருந்த ஒரே நிழலும் போயிற்று என்று நினைத்தாள்.

வசவு நிற்கவில்லை.

“குடும்பத்துப் பொண்ணாடி நீ? மானத்தை வாங்கறயே! சாக்கடை ஓரமா என்னடி நடை? நடுத்தெருவுல வாடி!”

கோமளம் திடுக்கிட்டாள். அவள்தான் எப்போதோ வாசலுக்குள் வந்துவிட்டாளே!

கிழவி அவளைப் பார்க்கவே இல்லை. கண் தெருவிலேயே இருந்தது. அங்கே சாக்கடைப் பக்கம் ஒதுங்கிப் போயிருந்த ஸ்ரீரங்கன் அதை விட்டு விலகி, அந்தக் குரலை நோக்கி மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தான்.

“நேரா வாடி! ஏன் நிக்கறே, மகாராணிக்குப் பல்லக்கு அனுப்பணுமோ? படி வந்தாச்சு, காலைத் தூக்கி வையேண்டி!”

ஸ்ரீரங்கன் காலைத் தூக்கி வைத்தான். அவன் கை துழாவி நிலைக்கட்டையைத் தொட்டது.

வசவு சட்டென்று நின்றது.

மாமியார் கதவைச் சாத்தித் தாழிட்டாள். மருமகளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல், அப்படியே கதவோடு சரிந்து உட்கார்ந்து, அழுகை தெருவுக்குக் கேட்காதபடி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.