திரையில் ஒருவர்

கரடியூர் சவரிமுத்துவின் மனைவி பிரிஸ்கில்லா போன பனிக்காலத்தில் இருமி இருமியே இறந்துபோனாள். இந்தப் பனிக்கு மெக்கானிக் ஜெயபிரகாஷ் வந்து அறையைச் சூடாக்கும் பழைய ஹீட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான். அறையில் எத்தனை பேர் என்று அது திரையில் காட்டும். ஆளில்லாவிட்டால் தானே அணைந்துவிடும்.

ஞாயிறு பூசை முடிந்து சவரிமுத்து பூட்டைத் திறந்தபோது அறை கதகதப்பாக இருந்தது. திரையில் ‘ஒருவர்’ என்றிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தார். அப்போதும் ஒருவர்தான். வெளியே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒருவர்.

ஜெயபிரகாஷ் சோதித்துப் பார்த்தான். கோளாறு எதுவும் இல்லை.

அன்றிலிருந்து சவரிமுத்து பனியில் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

“உள்ள போய் உக்காருங்கய்யா, உடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்றான் ஜெயபிரகாஷ்.

“நான் உள்ள போனா அவ எந்திரிச்சு வெளிய போயிர்றா கண்ணு. அவளுக்குக் குளிரு ஆவாது.”