சகுனம் பார்க்கும் மோட்டார் சைக்கிள்

பாம்ம்ம்ம்!

ஹாரன் அலறிய அலறலில் கிள்ளான் தாமான் குடியிருப்பின் அந்த வரிசை வீடுகள் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் கலைந்தது.

குரு பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்தான். வேட்டிக் கரையில் கிரீஸ் ஒட்டியிருந்தது. முகத்தில் சிரிப்பு.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு அங்கிள்.”

சபாபதி சிரிக்கவில்லை.

இந்தப் பழைய மோட்டார் சைக்கிளில்தான் அவர் தன் மனைவியைப் பெண் பார்க்கப் போனார். அன்று முதல் உதையிலேயே கிளம்பிய வண்டி. அதுதான் அவருக்குச் சகுனம். இப்போது மகள் மலர்விழியைப் பார்க்க யார் வந்தாலும் வண்டியை உதைத்தாக வேண்டும். கிளம்பினால் சம்பந்தப் பேச்சு. கிளம்பாவிட்டால் வடையோடு சரி.

இதுவரை வந்த ஒருவருக்கும் கிளம்பவில்லை.

அவர்கள் போன மறுநாள் சபாபதி காலை வைத்ததுமே உறுமும். இதைவிட வேறென்ன சகுனம் வேண்டும்?

குருவும் உதைத்து உதைத்து ஓய்ந்துவிட்டான். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அவனோடு வந்திருந்த அம்மா வீரம்மா, கொண்டுவந்த பழத் தட்டுகளைத் திரும்பப் பைக்குள் வைக்கவும் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு கண்கள் அவனைப் பார்த்தன. ஒரே ஒரு நொடி.

குரு காரிலிருந்து தன் கருவிப் பையை எடுத்து வந்தான். கோலாலம்பூர் மாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பவன் அவன்.

“சகுனத்தை எல்லாம் ரிப்பேர் பண்ண முடியாது தம்பி.”

“அதுக்கு முன்னால ஒயரைப் பாத்துடுவோமே அங்கிள்.”

சபாபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ராகு காலம் பொறக்கறதுக்குள்ள முடிச்சிருங்க. அதுக்கப்புறம் எனக்குப் பேச்சே கிடையாது.”

குரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். முனை ஈரமாக இருந்தது. பெட்ரோல் வருகிறது. பிளக்கை எஞ்சின்மேல் சாய்த்து வைத்து உதைத்தான். பொறி இல்லை.

அடுத்த வீட்டு விஜயன் வேலியில் சாய்ந்துகொண்டார். “பாஸ், கிராப் டாக்சி கூப்பிடவா?”

“இருங்கண்ணே, நீங்களே கல்யாணத்துக்கு வரப்போறீங்க.”

வேலிக்கு அப்பால் நாலைந்து பேர் சிரித்தார்கள். வீரம்மா பையிலிருந்து ஒரு தட்டை மெல்ல வெளியே எடுத்தார்.

சோதனை விளக்கின் ஊசியை, பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயிலின்மேல் வைத்தான். விளக்கு எரிந்தது. கரண்ட் அதுவரை வருகிறது. சாவி, சுவிட்ச் இரண்டுமே குற்றமற்றவை.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. எஞ்சின் பக்கவாட்டில், வட்ட மூடிக்குள் இருக்கும் பாயின்ட். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். அவை தொட்டுத் தொட்டு விலகினால்தான் பொறி பிறக்கும்.

மூடியைத் திறந்தான். விளக்கை அதில் மாட்டிவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினான். பொட்டுகள் தொடும்போது விளக்கு அணைய வேண்டும்.

அணையவில்லை. தொட்டுக்கொண்டிருந்தும் அவை தொடவில்லை!

“பிடிச்சிட்டேன்!” என்று கத்தியே விட்டான். “நடுவுல என்னமோ ஒட்டியிருக்கு. தேய்க்க ஏதாச்சும் இருக்கா? எமரி பேப்பர் மாதிரி?”

சபாபதி ஸ்டோரில் தேட ஓடினார். விஜயன் தன் வீட்டுக்குள் ஓடினார்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே ஒரு கை நீண்டு, எதையோ திண்டில் வைத்துவிட்டு மறைந்தது. நகம் ராவும் அட்டை. உறைகூடப் பிரிக்காத புத்தம்புதிய அட்டை.

குரு அதைப் பிரித்துப் பொட்டுகளுக்கு நடுவே செருகி, மெதுவாகத் தேய்த்தான். வெளியே இழுத்துப் பார்த்தான்.

அட்டையில் சிவப்புத் தூள்.

துருவா? துரு இப்படிப் பளபளக்காதே. துருவுக்கு இந்த வாசனையும் கிடையாது.

“தம்பி, நேரமாவுது!”

யோசிக்க நேரமில்லை. சிவப்பு போகும்வரை தேய்த்தான். ஊதினான். பிளக்கை மாட்டினான். வேட்டியை மடித்துக் கட்டினான். வேலியோரம் பேச்சு அடங்கியது. வீரம்மா கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டார்.

ஒரே உதை.

டுப்... டுப்... டுர்ர்ர்ர்ர்!

“கெளம்பிருச்சு! கெளம்பிருச்சு!” சபாபதி சின்னப் பிள்ளைபோலக் குதித்தார். விஜயன் கைதட்டினார். வீரம்மா தட்டுகளை மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

“மலரு! மாப்பிள்ளைக்குத் தே தண்ணி கொண்டாம்மா!” என்ற சபாபதி, வாயெல்லாம் பல்லாக வீரம்மாவிடம் திரும்பினார். “வண்டியத் தொடைக்கிறது, கழட்டி மாட்டுறது எல்லாம் அவதாங்க. நான் ஓட்டுறதோட சரி.”

மலர்விழி தட்டோடு வந்தாள். பச்சைச் சேலை. குனிந்த தலை.

குரு கோப்பையை எடுக்கக் கை நீட்டினான். கை பாதியிலேயே நின்றது.

தட்டைப் பிடித்திருந்த பத்து விரல் நகங்களிலும் அதே பளபளக்கும் சிவப்பு.

அவன் சட்டைப் பையிலிருந்த அட்டையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

எஞ்சின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. தலை நிமிராமலே அவள் சொன்னாள்:

“முன்ன வந்தவங்களுக்கெல்லாம் ரெண்டு கோட் அடிச்சேன். உங்க போட்டோவப் பாத்துட்டு ஒண்ணோட நிறுத்திட்டேன்.”